தாய்மாமனுக்கு வெளியூர் ஆட்டம்

அல் குசைஸ், துபாய்
நவம்பர் 9

தம்பி உமாபதிக்கு,

ஏழாம் வகுப்பில் அறிவியல் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "மிஸ், நாங்க பொய் சொன்னா உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியுது?" நான் சொன்னேன்: "வீட்டுப்பாடம் எழுதாததற்கு உண்மையான காரணம் இருப்பவள் ஒன்றுதான் சொல்வாள். காய்ச்சல். அவ்வளவுதான். பொய் சொல்பவள், காய்ச்சல், கரண்ட் இல்லை, நோட்டைத் தம்பி கிழித்துவிட்டான் என்று மூன்று சொல்வாள். ஒன்று போதுமா என்று அவளுக்கே சந்தேகம்."

ஜனவரி இருபத்தாறாம் தேதி நடக்கும் தன்யா கல்யாணத்துக்கு வர முடியாது என்று நீ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியில் மூன்று காரணங்கள் இருந்தன. லீவு கிடைக்காது. இடுப்பு வலி. ஜனவரி இருபத்தைந்தாம் தேதி உன் ஊர்க் கால்பந்து கிளப்புக்கு வெளியூரில் லீக் ஆட்டம்.

போனில் கேட்டால் "சிக்னல் இல்லக்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை நடுவில் வைக்க முடியாது. ஆகவே இனி மின்னஞ்சலில் இப்படித்தான் எழுதுவேன்.

தன்யாவுக்குத் தாய்மாமன் நீ ஒருவன்தான். மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்து அழைத்துவந்தால்தான் நம் வீட்டுப் பெண் மணவறையில் உட்காருவாள். எனக்கு நம் பெரிய மாமா வந்து நின்றார். அன்று அவருக்கு நூற்றிரண்டு டிகிரி ஜுரம். அவரும் காரணம் சொல்லியிருக்கலாம்.

இங்கே உன் அத்தானுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. எனக்கு முழங்கால். உன் இடுப்பு எப்படி இருக்கிறது? காரணங்களில் வந்ததால் கேட்கிறேன்.

அக்கா ஜலஜா


டன்லாரிக், ஸ்காட்லாந்து
நவம்பர் 24

அக்காவுக்கு,

விஜியும் நானும் சுகம். இடுப்பு நிஜமாகவே வலிக்கிறது. நம்பினால் நம்பு.

சரி, லீவையும் இடுப்பையும் எடுத்துவிடுகிறேன். ஒரே காரணம்: ஆட்டம். உன் கணக்குப்படி இப்போது உண்மையாகிவிட்டதா?

டன்லாரிக் ரோவர்ஸ் என்று சொன்னால் பக்கத்து ஊர்க்காரனே சிரிப்பான். பத்து அணிகள் உள்ள லீக்கில் பத்தாவது இடம். இந்த சீசனில் இதுவரை ஒரே ஒரு வெற்றி. கடைசியிலேயே முடித்தால் அடுத்த வருஷம் இந்த லீக்கில் இருப்போமா என்பதே சந்தேகம். ஒன்பதாவது இடத்தில் இருப்பது கிளென்பாரன். அவர்கள் மைதானத்தில்தான் ஜனவரி ஆட்டம்.

நான் அங்கே கிட்மேன். சட்டை, காலுறை, பூட்ஸ் எல்லாம் என் பொறுப்பு. சம்பளம் கிடையாது. எண்ணெய் முனையத்தில் வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமை இது. வெளியூர் ஆட்டமென்றால் எல்லோருக்கும் முன்னால் வேனை ஓட்டிக்கொண்டு போய், ஐஸ்பெட்டி மாதிரி இருக்கும் அறையில் எண் வரிசையில் சட்டைகளை மாட்ட வேண்டும். எண் வெளியே தெரிய வேண்டும். நம்மைப் பிடிக்காத ஊரில் பையன்கள் உள்ளே நுழைந்ததும், இங்கேயும் நமக்கென்று ஓர் ஆணி இருக்கிறது என்று தோன்ற வேண்டும். உனக்கு இது சிரிப்பாக இருக்கும்.

விஜி வருவாள். நான்கு நாள் முன்னதாகவே வந்து வேலையெல்லாம் செய்வாள். மாலை போட அத்தான் பக்கத்தில் ஆளா இல்லை?

அத்தானுக்கு என் வணக்கம். தன்யாவுக்கு ஆசி.

உமாபதி


அல் குசைஸ்
நவம்பர் 27

உமாபதிக்கு,

நலம் விசாரித்ததாக நினைத்துக்கொள். நேரமில்லை.

அம்மா இருந்தவரை ஒரு கைக்குட்டையைத் துவைத்தவனில்லை நீ. இப்போது பதினெட்டு வெள்ளைக்காரர்களின் காலுறையைத் துவைக்கிறாயாம், அதற்காகச் சொந்த அக்கா மகளின் மணவறைக்கு வர முடியாதாம். இதை நான் யாரிடம் சொல்வது? "மாமா என்ன செய்கிறார்?" என்று கேட்பவர்களிடம் "சட்டை துவைக்கிறார்" என்றா?

நேற்று மாப்பிள்ளையின் பெரியத்தை நாகவள்ளி அம்மாள் வந்திருந்தார். காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டே ஆரம்பித்தார்.

"பொண்ணுக்கு மாமன் லண்டன்லயாமே?"

"ஸ்காட்லாந்து."

"ரெண்டும் ஒண்ணுதான். வராத மாமன் எங்க இருந்தா என்ன? வேணும்னா எங்க பக்கத்துலயே ஒருத்தர நிறுத்திக்கிடுவோம். மாமன் இல்லாத பொண்ணுன்னு நாளைக்கு ஒரு சொல்லு வந்துரக் கூடாது பாருங்க."

தன்யா அடுத்த அறையில்தான் இருந்தாள். எல்லாம் கேட்டது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். திசைகாட்டி முள் எப்போதும் வடக்கைக் காட்டும். காட்டாமல் திரும்பினால் பக்கத்தில் எங்கோ இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். நீ இங்கே ருவைஸில் பார்த்த வேலையை விட்டுப் போய்ப் பதினோரு வருஷமாகிறது. அதன்பின் எத்தனையோ முறை ஊருக்குப் போய்வந்தாய். ஒரு முறை இஸ்தான்புல் வழியாக, ஒரு முறை தோஹா வழியாக, அம்மா காரியத்துக்கு லண்டனிலிருந்து நேரே. துபாய் வழியாக ஒரு முறைகூட இல்லை. எங்கள் தலைக்கு மேலேயே பறந்து போகிறாய். இங்கே இருக்கும் இரும்பு எது? நானா?

பெண்டாட்டியை அனுப்புகிறாயாம். விஜி வந்தால் சந்தோஷம். அவள் உனக்குப் பதில் அல்ல.

ஜலஜா


டன்லாரிக்
டிசம்பர் 20

அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இரண்டு முறை எழுதி அழித்தேன்.

நீ எழுதியதில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஆட்டத் தேதியை முடிவு செய்வது லீக். என்னால் மாற்ற முடியாது. கல்யாணத் தேதியை முடிவு செய்தது நீ. என் வருகை அவ்வளவு முக்கியமென்றால் நீ மாற்றியிருக்கலாமே? இரண்டு வாரம் தள்ளி வைத்திருந்தால் முதல் ஆளாக வந்து நின்றிருப்பேன். அதைச் செய்யமாட்டாய். நாள் குறித்தது குறித்ததுதான், உமாபதிதான் வளைய வேண்டும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

போன சனிக்கிழமை மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். நீ சந்தோஷப்படுவாய்.

உமாபதி


அல் குசைஸ்
டிசம்பர் 29

தம்பிக்கு,

நாங்கள் எல்லோரும் சௌக்கியம். நீ உட்கார்ந்துகொண்டு வாசி.

தேதியை மாற்றிவிட்டேன்.

பிப்ரவரி பதினாறு, ஞாயிற்றுக்கிழமை. மாசி மாத முகூர்த்தம். மண்டபம் மாற்றியாயிற்று, நாதஸ்வரக்காரர் மாற்றியாயிற்று, பத்திரிகை மறுபடி அடிக்கக் கொடுத்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டில் போய் நான் நின்றேன். முப்பது வருஷம் பிள்ளைகளிடம் காரணம் கேட்டவள், அன்று நானே காரணம் சொன்னேன்.

நாகவள்ளி அம்மாள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பந்து விளையாட்டுக்காக முகூர்த்தத்த மாத்துன குடும்பத்த நான் இப்பத்தான் பாக்கேன்." நான் தலையைக் குனிந்துகொண்டு "ஆமாங்க" என்றேன். அந்த "ஆமாங்க"வை உன் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

இரண்டு வாரம் கேட்டாய். மூன்று வாரம் தந்திருக்கிறேன். உன் ஆட்டத்தை நன்றாக ஆடிவிட்டு வா.

விசா எடுக்க உன் பாஸ்போர்ட் நகலும் விஜியுடையதும் வேண்டும். இந்த வாரமே அனுப்பு.

உன் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அக்கா


டன்லாரிக்
ஜனவரி 26

அக்காவுக்கு,

பத்திரிகை கிடைத்தது. அழகாக இருக்கிறது. ஒரு மாதமாக எழுதவில்லை என்று கோபமாக இருப்பாய். இதைப் படித்தால் இன்னும் கோபப்படுவாய்.

நேற்று கிளென்பாரன் போனோம். ஐந்து மணி நேரப் பாதை, வழியெல்லாம் பனி. நான் வழக்கம்போல் முன்னால் போய் எல்லாச் சட்டைகளையும் மாட்டினேன். அவர்களும் நீலம், நாங்களும் நீலம் என்பதால் வெளியூரில் எங்களுக்கு மஞ்சள். மாட்டி முடித்துவிட்டுப் பார்த்தால் அந்த இருட்டு அறையில் வெயில் அடித்த மாதிரி இருந்தது.

ரெஃபரி மைதானத்துக்குப் போய், கோல் கம்பத்துக்கு முன்னால் பந்தைக் கீழே போட்டார். சிமெண்டில் போட்டதுபோல் எகிறியது. தரை உறைந்துவிட்டது. பையன்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஆட்டம் ரத்து.

சட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்தேன். வெளியே அவர்கள் ஊர் ஆட்கள் நின்று கத்தினார்கள். "உமா! இன்னிக்குத் துவைக்க அழுக்கே இல்லையே!" இன்னொருவன்: "தோக்காம வீட்டுக்குப் போறீங்க, போய்க் கொண்டாடுங்கடா!" எங்கள் கேப்டன் பையன் திருப்பி ஏதோ சொல்ல, அதை நான் எழுத முடியாது.

இரவே லீக்கிலிருந்து புதுத் தேதி வந்துவிட்டது. கோப்பைப் போட்டிக்காக ஒதுக்கிய ஒரு சனிக்கிழமை. இரண்டு அணியும் அந்தப் போட்டியில் எப்போதோ தோற்று வெளியேறியதால் இருவருக்கும் அன்று காலி. பிப்ரவரி பதினைந்து.

சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டம் முடித்து ஞாயிறு காலை துபாயில் மாலை போட எந்த விமானமும் இல்லை. பார்த்துவிட்டேன்.

நான் செய்யவில்லை அக்கா. பனி செய்தது.

உமாபதி


அல் குசைஸ்
ஜனவரி 27

உமாபதிக்கு,

நீ பொய் சொல்கிறாய் என்றுதான் நினைத்தேன். பிடித்துவிடலாம் என்று லீக்கின் பக்கத்தைப் போனில் திறந்து பார்த்தேன். நீ சொன்னது அத்தனையும் உண்மை. அதனால் என் கோபம் இரண்டு மடங்காகிவிட்டது. பொய் என்றால் உன்னோடு மட்டும் கோபித்துக்கொண்டு போயிருப்பேன். இப்போது ஸ்காட்லாந்தின் வானிலையோடும் கோபிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் ஒன்று கவனித்தேன். டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி பாஸ்போர்ட் நகல் கேட்டேன். அப்போது தரை உறையவில்லை. புதுத் தேதியும் வரவில்லை. நான்கு வாரம் நீ ஏன் அனுப்பவில்லை? ஒரு காகிதத்தைப் படமெடுக்கக் கிட்மேனுக்கு எவ்வளவு நேரமாகும்?

பதில் வேண்டாம். நாளை நானும் அத்தானும் ருவைஸ் போகிறோம். உன் பழைய ரூம்மேட் கௌஸ் முகைதீனுக்குப் பத்திரிகை வைக்க. உறவென்று வருபவர்களையாவது நேரில் அழைக்கிறேன்.

ஜலஜா


அல் குசைஸ்
ஜனவரி 30

விஜிக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இதை உன் மருத்துவமனை மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்புகிறேன். அவனிடம் காட்டாதே.

கௌஸ் வீட்டில் பத்திரிகை வைத்தோம். "உமாபதியும் வர்றதா இருந்தான், ஆட்டம் வந்துட்டு" என்று நான் சொன்னதும் கௌஸ் சிரித்தார்.

"அவன் எங்கக்கா வருவான்? பேரு ஏறியிருக்கும்லா."

"எங்கே ஏறியிருக்கும்?"

"ஏர்போர்ட் கம்ப்யூட்டர்ல. லீவுல போன ஆளு திரும்பலன்னா, ஓடிட்டான்னு கம்பெனி போலீசுல எழுதிக் குடுத்துரும். வந்து எறங்குனா நேரே உள்ளதான். ஃபோர்மேன் அன்னைக்கே போன்ல சொல்லிட்டான், 'இனிமே இந்த மண்ணுல கால வச்சுப் பாரு'ன்னு. கேம்ப் பூரா இதே பேச்சுதான்."

"ஏறியிருக்கா இல்லையான்னு யாராவது போய்க் கேட்டீங்களா?"

அவர் பத்திரிகையைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தார். அவர் மனைவி ஜுலைஹா பீவி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார். "பதினோரு வருசமா நானும் இதத்தான் கேக்கேன். போய்க் கேட்டா கேக்குற ஆளையும் சேத்துப் பிடிச்சிருவான்னு சொல்லுதாவ. அந்தக் கம்பெனியே மூடி ஏழு வருசமாச்சு. எவன் வந்து பிடிப்பான்?"

விஜி, உனக்கு அங்கே நர்ஸ் வேலை கிடைத்தபோது, ஒரு மாத லீவில் உன்னைக் கொண்டுவிட வந்தவன் அங்கேயே தங்கிவிட்டான். வேலை பிடிக்கவில்லை, எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன் என்றுதான் என்னிடம் சொன்னான். நீயும் அதையே சொன்னாய். பதினோரு வருஷம் தம்பிக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு உன்னையும் நான் லேசில் விடப்போவதில்லை.

என் பழைய மாணவி ஃபஸ்னா இங்கே விசா விண்ணப்பம் எழுதித் தரும் டைப்பிங் சென்டரில் இருக்கிறாள். அவனுடைய பழைய விசா நகலைக் கொடுத்து, உரிய இடத்தில் விசாரிக்கச் சொன்னேன். இன்று மதியம் கூப்பிட்டாள். "மிஸ், ஒண்ணுமே இல்ல. கேஸ் இல்ல, தடை மாஃபி. யாரும் எதுவும் எழுதிக் குடுக்கவே இல்ல மிஸ்."

இரண்டு பாஸ்போர்ட் நகலையும் எனக்கு அனுப்பு. அவனிடம் எதுவும் சொல்லாதே. இல்லாத ஒன்றுக்குப் பதினோரு வருஷம் பயந்தோம் என்று தெரிந்தால், அந்த வெட்கத்திலேயே இன்னும் பதினோரு வருஷம் வரமாட்டான். அவனை எனக்குத் தெரியும்.

மதினி ஜலஜா


டன்லாரிக்
ஜனவரி 31

மதினிக்கு,

நலம். நகல் இரண்டும் இணைத்திருக்கிறேன்.

நீங்கள் திட்டுவது நியாயம். ஆனால் நானும் பயந்தேன். எனக்காக வந்துதானே அவர் திரும்பவில்லை. கம்ப்யூட்டரில் பேர் இருக்கிறதா என்று கேட்டு, இருக்கிறது என்று சொல்லிவிட்டால்? கேட்காதவரை இல்லாமல் இருக்கவும் வாய்ப்பு உண்டே என்று இருந்துவிட்டோம்.

ஒன்று சொல்ல வேண்டும். சட்டை துவைக்கிறவன் என்று நீங்கள் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். வாசிக்கும்போது சிரித்தார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. வந்த புதிதில் இந்த ஊரில் அவரிடம் பேச ஆளில்லை. மைதானத்து வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தவரை, "சும்மா நிக்கிறதுக்கு இந்தப் பெட்டியப் பிடி" என்று கூப்பிட்டவர்கள் அவர்கள்தான். நீங்கள் அவரை எதற்கு வேண்டுமானாலும் திட்டுங்கள். அதற்கு மட்டும் வேண்டாம்.

விஜி


அல் குசைஸ்
பிப்ரவரி 6

உமாபதிக்கு,

இங்கே யாவரும் நலம். அங்கும் குளிர் குறைந்திருக்கும்.

உன் விசா இணைப்பில் இருக்கிறது. விஜியுடையதும். டிக்கெட்டும். பதின்மூன்றாம் தேதி கிளாஸ்கோவிலிருந்து நேரே துபாய். இஸ்தான்புல் இல்லை, தோஹா இல்லை.

எப்படி வந்தது என்று கேட்பாய். விண்ணப்பித்தேன், வந்தது. எல்லோருக்கும் அப்படித்தான் வருகிறது.

இனி ஆட்டம் ஒன்றுதான் மிச்சம். அதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். அட்டவணையைத் தினமும் பார்க்கிறேன். சென்ற வாரம் நீங்கள் வென்றுவிட்டீர்கள். கிளென்பாரனுக்கும் உங்களுக்கும் இப்போது ஒரு புள்ளிதான் வித்தியாசம். பதினைந்தாம் தேதி என்ன ஆகும் என்று எனக்கே படபடப்பாக இருக்கிறது. இந்த வயதில் எனக்கு இதையும் கொடுத்துவிட்டாய்.

ஒரு பொருளை இரண்டு பக்கமும் சம விசையோடு இழுத்தால் அது நகராது. குழந்தைகள் அதைப் பார்த்து, அதன்மேல் விசையே இல்லை என்று சொல்வார்கள். தவறு. இரண்டு பக்கமும் இழுபட்டுக்கொண்டுதான் நிற்கிறது. இவ்வளவு நாள் நீ அப்படி நின்றாய் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் இப்போது ஒரு பக்கத்துக் கயிறு அறுந்துவிட்டது. இனி நீ நிற்கும் இடம் நீ தேர்ந்தெடுத்த இடம். மைதானத்துக்குப் போனால், ஆட்டத்துக்காகத் தன்யாவை விட்டான் என்று சொல்வேன். சாகும்வரை சொல்வேன். தேதியை மாற்றச் சொல்லி மறுபடி எழுதாதே. நாகவள்ளி அம்மாளிடம் சொல்ல இன்னொரு "ஆமாங்க" என்னிடம் இல்லை.

அக்கா


டன்லாரிக்
பிப்ரவரி 10

அக்காவுக்கு,

விசாவைப் பார்த்தேன். என் பெயர்தானா, என் பிறந்த தேதிதானா என்று விஜியையும் வாசிக்கச் சொன்னேன். "உங்க மூஞ்சிதான் இருக்கு, வேற யாரு?" என்றாள்.

நேற்று மேனேஜரிடம் சொன்னேன். "இன்னிக்குத்தான் உனக்குக் கல்யாணம் ஞாபகம் வந்துதா, உமா? இந்த சீசனிலேயே பெரிய ஆட்டம் இது" என்று கதவை அடித்துச் சாத்தினார். கேப்டன் பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலுறைகளை வழக்கமாகக் கூடையில் போடுவான். நேற்று தரையில் போட்டுவிட்டுப் போனான். ஜெயித்தால் நானில்லாமல் ஜெயித்தார்கள், தோற்றால் நானில்லாததால் தோற்றார்கள். உன் வீட்டில் கெட்ட பெயர், இப்போது இங்கேயும் கெட்ட பெயர். திருப்தியா?

கோல்கீப்பரின் அப்பா சட்டைகளை மாட்டுகிறார். எண்ணைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவார் என்று நினைக்கிறேன்.

நான் தன்யாவுக்காக வருகிறேன். உனக்காக அல்ல. நீ எழுதியதில் சிலவற்றை நான் மறக்கமாட்டேன்.

ஏர்போர்ட்டுக்கு வருவாயா? வந்தால் ஒன்று. நான் வெளியே வர நேரமாகலாம். ஒரு மணி நேரம் பார். வராவிட்டால் விஜியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடு, நிற்காதே. அத்தானிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். மாலைக்கு யாரையாவது ஏற்பாடு செய்து வைத்துக்கொள். எதற்கும்.

உமாபதி


அல் குசைஸ்
பிப்ரவரி 12

தம்பிக்கு,

வீடு நிறைய ஆட்கள். ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன். எல்லோரும் சுகம், நாகவள்ளி அம்மாள் உட்பட.

வேறு யாரையும் ஏற்பாடு செய்யவில்லை, செய்யமாட்டேன். மாலை உன் அளவுக்குத்தான் கட்டச் சொல்லியிருக்கிறேன். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போய்விட வேண்டுமாம். தேதியை மாற்றியவளுக்கு ஏர்போர்ட்டில் நிற்கத் தெரியாதா? முழங்கால் வலித்தால் உட்கார்ந்துகொள்வேன். கௌஸும் ஜுலைஹா பீவியும் ருவைஸிலிருந்து வருகிறார்கள். அவர் எதற்கு இவ்வளவு தூரம் என்றேன். "அவன் வெளிய வர்றத என் கண்ணால பாக்கணும்கா" என்கிறார்.

நீ மறக்கமாட்டேன் என்று சொன்னவற்றில் ஒன்று எது என்று எனக்குத் தெரியும். அதை இனி எழுதமாட்டேன். மற்றதையெல்லாம் திரும்ப எழுதச் சொன்னாலும் எழுதுவேன். பதினோரு வருஷக் கோபம் என்னிடம் அப்படியே இருக்கிறது. நேரில் திட்டுவதற்காக மிச்சம் வைத்திருக்கிறேன். வீட்டில் ஆள் குறைந்த பிறகு ஆரம்பிக்கிறேன்.

சனிக்கிழமை ஆட்டத்தைப் போனில் பார்த்துக்கொள்ளலாம். தன்யா ஏதோ வழி கண்டுபிடித்திருக்கிறாள். நலங்கு அன்றைக்குத்தான். ஒரு மூலையில் நீயும் நானும் உட்கார்ந்துகொள்வோம். பேச வேண்டியதில்லை.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அக்கா

பி.கு. பள்ளியில் தடுப்பூசி போடும் நாளில் வரிசையின் கடைசியில் நிற்கும் பிள்ளைதான் அதிகமாக அழும். ஊசி போட்டுக்கொண்டவர்கள் கையைத் தேய்த்தபடி வகுப்புக்குப் போய்விடுவார்கள். கடைசியில் நிற்பவனிடம் நான் நியாயமெல்லாம் பேசுவதில்லை. செய்ய வேண்டியதை மட்டும் சொல்வேன். உனக்கும் அதேதான். விமானத்தை விட்டு இறங்கியதும் எல்லோரும் போகும் வழியில் போ, வரிசையில் நில், உன் முறை வந்ததும் பாஸ்போர்ட்டை நீட்டு.